சிரிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க

உங்க ஹாஸ்டல் விங்கிலும் ஒருத்தர் இருப்பார். ராத்திரி 12.30க்கு மேல அவர் ரூமைத் தாண்டிப் போறவங்க "ஜேசிபி ஸ்டார்ட் ஆயிடுச்சு"ன்னு சிரிச்சுட்டே போவாங்க. எங்க விங்கில் அது என் ரூம்மேட். செகண்ட் இயர்ல ஒரு நாள் ராத்திரி அவன் குறட்டையை போனில் ரெக்கார்ட் பண்ணி க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது நான்தான். 42 விநாடி ஆடியோ. அடுத்த நாள் காலையில் பார்த்தால் அறுபது சிரிப்பு எமோஜி. யாரோ அதுக்குக் கீழே பீட் போட்டு ரீமிக்ஸ் வேற பண்ணியிருந்தாங்க. அவனும் சேர்ந்துதான் சிரிச்சான்.

அந்த ஆடியோவின் நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் திடீர்னு ஒரு பெரிய உறுமலோடு மறுபடி ஆரம்பிக்கும். எங்களுக்கு அந்த இடம்தான் காமெடியின் உச்சம். ரீமிக்ஸ் பண்ணினவன்கூட பீட்டை அங்கேதான் டிராப் பண்ணியிருந்தான். பல மாசம் கழிச்சு வேற ஒரு காரணத்துக்காக அந்த க்ளிப்பைத் திரும்பக் கேட்டபோது அந்த இடைவெளியை எண்ணினேன். 14 விநாடி. அந்த 14 விநாடியும் அவன் மூச்சு விடலை.

(இதை அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னான்.)

தூக்கத்தில் 10 விநாடிக்கு மேல் மூச்சோட்டம் நின்னா அதுக்கு மருத்துவத்தில் பேர் ஆப்னியா. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நிற்குது, எத்தனை முறை கணிசமா குறையுது என்று எண்ணி ஒரு நம்பர் தருவாங்க. அதுதான் ஏஹெச்ஐ. 5க்குக் கீழே இருந்தா பிரச்சினை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். என் ரூம்மேட்டுக்கு 23 வந்தது. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல். ராத்திரி முழுக்க யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை தோளைப் பிடிச்சு உலுக்கினா காலையில் எப்படி இருப்பீங்க? அவன் முதல் ஹவரில் தூங்கி விழுந்ததுக்குக் காரணம் அதுதான். நாங்க ரீல்ஸ் பார்த்துட்டுத் தூங்காம கிடந்தான்னு நினைச்சோம். ஸ்டாஃப் அவனுக்குத் திமிர்னு நினைச்சாங்க.

நம்ம படிப்புக்கு இது அந்நியமான விஷயம் இல்லை, ப்ளூயிட் மெக்கானிக்ஸ்தான். மூக்குக்குள்ள எலும்பு இருக்கு. கீழே மூச்சுக்குழாயைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கு. நடுவில் இருக்கிற தொண்டை மட்டும் தசையாலான மெத்துனு ஒரு குழாய். முழிச்சிருக்கும்போது தசைகள் அதைத் திறந்து பிடிச்சிருக்கும். தூங்கினதும் பிடி தளரும், நாக்கு பின்னால் சாயும், குழாய் சுருங்கும். குழாயின் ஆரம் பாதியானா எதிர்ப்பு எத்தனை மடங்காகும்? பாய்ஸே விதிப்படி 16 மடங்கு. தொண்டை நேரான குழாயும் இல்லை, காற்று அங்கே சீராகவும் ஓடாது, அதனால அந்த 16ஐ அப்படியே எடுத்துக்காதீங்க. ஆனா கொஞ்சம் சுருங்கினாலே நிலைமை எவ்வளவு மோசமாகும்னு புரியும். குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும், மெத்துனு சுவர் இன்னும் உள்ளே இழுபடும். சுவர் படபடத்தா அது குறட்டை. முழுசா ஒட்டிக்கிட்டா ஆப்னியா. அப்புறம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைஞ்சு, மூளை அரைகுறையா விழிச்சு, தசையை இறுக்கிக் குழாயைத் திறக்கும். நாங்க சிரிச்ச அந்த உறுமல் அப்போ வர்றது.

இப்போ இந்தக் கட்டுரையை எழுத வெச்ச விஷயத்துக்கு வர்றேன். முதலுதவிப் பயிற்சி எடுத்திருந்தா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மயங்கிக் கிடக்கிறவரின் நெற்றியில் ஒரு கையை வெச்சுத் தலையைப் பின்னால் சாய்ச்சு, இன்னொரு கையால் மோவாயைத் தூக்கச் சொல்லுவாங்க. ஏன்னா நாக்கு கீழ்த்தாடையோடு இணைஞ்சிருக்கு. தாடை முன்னால வந்தா நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். இதே வேலையை ராத்திரி முழுக்க யாரும் பக்கத்தில் இல்லாம செய்ய ஒரு சாதனம் இருக்கு. மேல் பல்லுக்கு ஒரு தட்டு, கீழ்ப் பல்லுக்கு ஒரு தட்டு. ரெண்டையும் இணைக்கிற அமைப்பு கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால தள்ளிப் பிடிச்சிருக்கும். மேன்டிபுலர் அட்வான்ஸ்மென்ட் டிவைஸ், சுருக்கமா மேட். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம், சத்தம் வராது. புது ஐடியாவும் இல்லை. பியர் ரோபன் என்கிற பிரெஞ்சு மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே, தாடை சின்னதா இருந்து நாக்கு பின்னால் விழுகிற குழந்தைகளுக்காகத் தாடையை முன்னால கொண்டுவர வாயில் பொருத்துகிற சாதனம் செஞ்சிருக்கார்.

என் ரூம்மேட்டும் அப்படித்தான். ஆள் ஒல்லி, மோவாய் சின்னது, பக்கவாட்டில் பார்த்தா கொஞ்சம் உள்ளே போயிருக்கும். குண்டா இருக்கிறவங்களுக்குத்தான் குறட்டை வரும்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். எடை ஒரு பெரிய காரணம்தான், மறுக்கலை. ஆனா தாடையின் அளவும் டான்சிலும் மூக்கடைப்பும்கூடக் காரணம்தான். அவன் ஒல்லியா இருந்ததாலேயே யாருக்கும் சந்தேகம் வரலை.

அவன் முதலில் செஞ்சது நம்மில் யாரும் செய்யக்கூடியதுதான். ஆன்லைனில் தேடி, ஆயிரம் ரூபாய்க்கும் கம்மியான ஒரு "குறட்டைத் தடுப்பு மவுத்கார்டு" வாங்கினான். வெந்நீரில் போட்டு இளக வெச்சு, வாயில் வெச்சுக் கடிச்சா பல்லின் வடிவம் பதிஞ்சிடும். ரெண்டு நாளில் சத்தம் பாதியா குறைஞ்சது. விங்கே கொண்டாடிச்சு. நானும் நிம்மதியா தூங்கினேன். ஆனா அவன் க்ளாஸில் தூங்குறது குறையலை. காலையில் தலைவலியும் அப்படியே இருந்தது. மூணாவது வாரம் ராத்திரி சாப்பிட்டுட்டு பைக்கில் திரும்பும்போது, ஓட்டிட்டு இருந்த அவன் ஒரு கணம் கண்ணசந்துட்டான். பின்னாடி உட்கார்ந்திருந்தது நான். வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் சரிஞ்சது. முழங்கை சிராய்ப்போடு தப்பிச்சோம். எதிரே லாரி எதுவும் வரலை, அவ்வளவுதான் காரணம். அன்னிக்கு ராத்திரிதான் அந்தப் பழைய க்ளிப்பைத் திரும்பக் கேட்டேன்.

என் கருத்து இதுதான். குறட்டைக்குப் பல் சாதனம் நல்ல சிகிச்சை. ஆனா டெஸ்ட் எடுக்காம அதை வாங்கி மாட்டிக்கிறது, சிகிச்சையே இல்லாம இருக்கிறதை விடச் சில சமயம் மோசம். நாம அளக்க வேண்டியது சத்தத்தை இல்லை, மூச்சை. சத்தம் குறைஞ்சும் மூச்சு நின்னுட்டே இருக்கலாம். பக்கத்தில் படுக்கிறவங்களுக்கு எச்சரிக்கையா இருந்த ஒரே அறிகுறியை மட்டும் எடுத்துட்டு, பிரச்சினை சரியாயிடுச்சுன்னு எல்லாரும் நம்புவோம். நாங்க மூணு வாரம் அப்படித்தான் நம்பினோம்.

டெஸ்ட் பெரிய பயமுறுத்தல் எல்லாம் இல்லை. தூக்க ஆய்வுன்னு பேர். மருத்துவமனையில் ஒரு ராத்திரி தங்கி மூளை அலை, இதயத்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் எல்லாத்தையும் பதிவு பண்றது ஒரு வகை. வீட்டிலேயே விரலில் ஒரு சென்சார், மூக்குக்குக் கீழே ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட் மாட்டிட்டுத் தூங்குறது இன்னொரு வகை. நுரையீரல் மருத்துவர் அல்லது ஈஎன்டி மருத்துவர்கிட்ட போனா எழுதித் தருவார். ஸ்மார்ட் வாட்ச் காட்டுற ஆக்சிஜன் அளவும், குறட்டை ஆப் தர்ற ஸ்கோரும் டாக்டர்கிட்ட போக ஒரு காரணமா இருக்கலாம். அதுவே டயக்னோசிஸ் ஆகாது. சென்சார் பற்றி நமக்குத் தெரியும்தானே, லேபில் எத்தனை தடவை தப்பு ரீடிங் பார்த்திருக்கோம்.

டாக்டர்கிட்ட அந்த 42 விநாடி ஆடியோவைத்தான் முதலில் போட்டுக் காட்டினோம். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார்.

ரிப்போர்ட் வந்ததும் அவர் முதலில் சொன்னது சிபேப். முகத்தில் மாஸ்க் மாட்டி, ஒரு மெஷின் வழியா காற்றை அழுத்தத்தோடு அனுப்பித் தொண்டையைத் திறந்தே வெச்சிருக்கிற முறை. சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற மருத்துவர் 1981இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு. வேக்யூம் க்ளீனர் மோட்டாரை வெச்சுத்தான் ஆரம்பகால மெஷின்களைச் செஞ்சாங்க. அதுவரைக்கும் தீவிர ஆப்னியாவுக்கு இருந்த ஒரே உறுதியான வழி கழுத்தில் துளை போடுறது. இப்பவும் ஆப்னியாவுக்கு அதைவிட வலுவான சிகிச்சை கிடையாது. தீவிரமா இருக்கிறவங்க அதைத்தான் முதலில் முயற்சி செய்யணும். இதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனா மூணு பேர் தங்கும் ஹாஸ்டல் ரூமில் ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். கரண்ட் போனா மெஷின் நிக்கும். மாஸ்க்கோடு படுத்தா அடுத்த மீம் ரெடி. அவன் வாடகைக்கு எடுத்து ரெண்டு வாரம் முயற்சி பண்ணினான். ராத்திரி நாலு மணி நேரம் தாண்டலை. தூக்கத்திலேயே கழட்டிப் போட்டுடுவான். இது அவன் ஒருத்தனோட சோம்பேறித்தனம் இல்லை, உலகம் முழுக்கப் பலரும் இப்படித்தான் கழட்டிடுறாங்க.

இங்கேதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஏஹெச்ஐ 25, தூக்கம் 8 மணி நேரம்னு வெச்சுக்குவோம். சிகிச்சை இல்லாம ஒரு ராத்திரிக்கு 200 தடவை. சிபேப் அதை மணிக்கு 3 ஆக்குதுன்னு வைங்க. ஆனா 4 மணி நேரம்தான் மாட்டுறார். 4 மணி நேரத்துக்கு 12, மீதி 4 மணி நேரத்துக்கு 100, மொத்தம் 112. பல் சாதனம் அவ்வளவு நல்லா வேலை செய்யலை, 10 வரைக்கும்தான் குறைக்குது. ஆனா 7 மணி நேரம் வாயில் இருக்கு. 70 கூட்டல் 25, மொத்தம் 95. டேட்டா ஷீட்டில் தோற்கிற சாதனம் ராத்திரியில் ஜெயிக்குது. சிபேப்பையும் 7 மணி நேரம் மாட்டினா 46தான் வரும், அப்போ போட்டியே இல்லை. அதனால கேள்வி "எது பெஸ்ட்" இல்லை, "நீங்க எதை மாட்டுவீங்க" என்பதுதான்.

நம்பர்கள் என் உதாரணம், ஆனா விஷயம் என் கற்பனை இல்லை. சிட்னி ஆய்வாளர்கள் 126 பேரை வெச்சு ரெண்டையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டாங்க. ஆப்னியாவைக் குறைக்கிறதில் சிபேப் தெளிவா முன்னால. ஆனா ராத்திரிக்கு சராசரியா அதை மாட்டினது 5 மணி நேரம் போல, பல் சாதனத்தை 6.5 மணி நேரம். ஒரு மாச முடிவில் பகல் தூக்கத்திலும், சிமுலேட்டரில் வண்டி ஓட்டும் சோதனையிலும் ரெண்டும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2015 வழிகாட்டுதலும், சிபேப் தாங்க முடியாதவங்களுக்கும் வேற வழி வேணும்னு கேட்கிறவங்களுக்கும் பல் சாதனத்தைப் பரிந்துரைக்கச் சொல்லுது. ஆனா அளவெடுத்துச் செஞ்ச, படிப்படியா நகர்த்தக்கூடிய சாதனமா இருக்கணும், பயிற்சி பெற்ற பல் மருத்துவர் கூட இருக்கணும் என்கிறது.

"நகர்த்தக்கூடிய" என்கிற அந்த ஒரு வார்த்தையில்தான் ஆயிரம் ரூபாய் மவுத்கார்டுக்கும் இதுக்கும் வித்தியாசமே இருக்கு. பல் டாக்டர் அவன் பல்லை அளவெடுத்தார், தாடை மூட்டை அழுத்திப் பார்த்தார், ஈறு எப்படி இருக்குன்னு பார்த்தார், தாடை எவ்வளவு தூரம் முன்னால வரும்னு அளந்தார். அதில் பாதியளவில் ஆரம்பிச்சு, சில வாரத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூவைத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமா முன்னால கொண்டுபோனார். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச நமக்கு இதைத் தனியா விளக்க வேண்டாம். ஃபீட்பேக் இருந்தாத்தான் டியூனிங். அந்த ஃபீட்பேக் யார் தருவா? சாதனத்தை மாட்டிக்கிட்டு எடுக்கிற ரெண்டாவது தூக்க ஆய்வு. நிறைய பேர் இந்த இடத்தில்தான் விட்டுடுறாங்க. சத்தம் நின்னுடுச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு செலவு? அவனும் அதையேதான் சொன்னான். ரெண்டு நாள் சண்டை போட்டு அனுப்பினேன். 23 இருந்தது 8க்கு வந்திருந்தது. 5க்குக் கீழே போகலை. ஆனா முதல் ஹவரில் முழிச்சிருக்கான்.

எல்லாருக்கும் இப்படி வரும்னு சொல்ல மாட்டேன். ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு பேருக்கு இந்தச் சாதனம் பெரிசா உதவாது. யாருக்கு உதவும்னு முன்கூட்டியே அடிச்சுச் சொல்லவும் முடியாது. பிடிச்சு நிறுத்தப் போதுமான பற்கள் வேணும், ஈறு உறுதியா இருக்கணும். முதல் சில வாரம் எச்சில் ஒழுகும், தாடை வலிக்கும். காலையில் கழட்டினதும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியா உட்காராது. அவன் இட்லிதான் காலை டிபன் என்பதால் தப்பிச்சேன்கிறான். வருஷக்கணக்கில் மாட்டும்போது பல் வரிசையே கொஞ்சம் நகரலாம், கடி மாறலாம். டாக்டர் மேற்பார்வை இல்லாம ஆன்லைனில் வாங்கி வருஷக்கணக்கில் மாட்டாதீங்கன்னு நான் சொல்றதுக்கு இது ரெண்டாவது காரணம். செலவும் சின்னது இல்லை. நல்ல சாதனமும் சரி, சிபேப் மெஷினும் சரி, ஒரு மாணவன் தன் பாக்கெட் மணியில் வாங்குற பொருள் கிடையாது. வீட்டில் சொல்லித்தான் ஆகணும். "குறட்டைக்கா இவ்வளவு காசு?"ன்னு அவன் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பைக் விழுந்த கதையைச் சொன்னதும்தான் புரிஞ்சது.

டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் சொன்ன மதிப்பீட்டின்படி வேலை செய்யும் வயதில் இருக்கிற இந்தியர்களில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கு. இதில் பெரும்பாலானவங்க நம்ம வயசு இல்லை, நம்ம அப்பா அம்மா வயசு. ரத்த அழுத்தத்தோடும் இதய நோயோடும் இதுக்குத் தொடர்பு இருக்கு. சிகிச்சை எடுக்காதவங்க ஓட்டும்போது விபத்து ஆபத்து ரெண்டு மடங்குக்குக் கிட்ட போகுது. அப்பா குறட்டை விட்டா "நல்லா அசந்து தூங்குறார், பாவம், உழைச்ச களைப்பு"ன்னு சொல்ற வீடுதான் நம்ம வீடு. அம்மா குறட்டை விட்டா அது பேச்சிலேயே வராது. அவங்களே வெட்கப்பட்டு மறைச்சுடுவாங்க.

அதனால இன்னிக்கு ராத்திரி ஒண்ணு பண்ணுங்க. உங்க ரூமில் குறட்டை விடுறவர் சத்தம் திடீர்னு நின்னா, நீங்க "அப்பாடா"ன்னு திரும்பிப் படுக்காம எண்ணுங்க. 10 தாண்டுதா, அப்புறம் மூச்சுத் திணறி எழுற மாதிரி ஒரு சத்தம் வருதா, அது திரும்பத் திரும்ப நடக்குதான்னு பாருங்க. நடந்தா காலையில் அவர்கிட்ட தனியா சொல்லுங்க. ரெக்கார்ட் பண்ணணும்னா முன்னாடியே கேட்டுட்டுப் பண்ணுங்க, குரூப்பில் போடாதீங்க. தூங்குற ஒருத்தருக்குத் தன் மூச்சு நிற்குறது தெரியவே தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு. ரூம்மேட்டுக்கு இவ்வளவு ஓடினவன், எங்க அப்பாவை ஒரு வருஷமா டெஸ்ட்டுக்குச் சம்மதிக்க வைக்க முடியலை. தினமும் 40 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வேலைக்குப் போறவர். மதியம் டிவி முன்னாடி உட்கார்ந்தபடியே தூங்கிடுவார். "எங்க அப்பாவும் இப்படித்தான் விட்டார், 80 வயசு வரைக்கும் இருந்தார்"ங்கிறார். பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறேன். இந்தத் தடவை பேசப்போறதில்லை. அவர்கிட்ட கேட்டுட்டு ஒரு ராத்திரி முழுக்க ரெக்கார்ட் பண்ணி, சத்தம் நிக்கிற இடத்தை எல்லாம் குறிச்சு வெச்சு, காலையில் காபியோடு அவருக்கே போட்டுக் காட்டப்போறேன்.